கிழக்கு கேலரியில் மூன்றாவது குரல்

தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறீர்கள்? போன வாரம் இந்தப் பத்தியில் கால்பந்து மைதானத்தைப் பற்றி வாய் தவறி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டேன். அதற்குள் பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம். “கேலரிக்கு அடியில் அஞ்சலையம்மாள் எதற்கு உட்கார்ந்திருந்தார்?” என்று என்னைப் பற்றி ஒருவர். “கூப்பிட்டது யார்?” என்று இன்னொருவர். உங்கள் வீட்டில் அடுப்பு இல்லையா? துவைக்கத் துணி இல்லையா? ஒரு கிழவி வெயிலுக்கு எங்கேயோ குந்தியிருந்தால் உங்களுக்கு என்ன வந்தது?

சில வருஷமாக இதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். இப்போது எங்கள் குடும்பத்துப் பூங்காவனம் இல்லை. போன தை மாதம் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள். இனிமேல் நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் சொல்கிறேன். உங்களுக்காக அல்ல.

நான் பேசப் பேச என் பேத்தி எழுதுகிறாள். எழுதும்போதே என் பேச்சுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறாள். மற்றவர்கள் பேசியதையாவது அப்படியே விடு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

மோர்ச் சொம்பு

உச்சி வெயில். கள்ளக்குறிச்சி டவுனுக்கு நடுவில் புதிதாகக் கட்டிய மைதானம். அதன் கிழக்கு கேலரிக்கு அடியில், சிமெண்டுப் படிகள் சாய்வாக ஏறுகிற இடத்தில், கூரைக்குக் கீழே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சொம்பு மோர். தொண்டை காய்ந்துவிடக் கூடாது.

படிக்கும் படிக்கும் நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி. அது வழியாக வெயில் கோடு கோடாக என் மடியில் விழுகிறது. எதிரே மைதானம். அதற்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூங்காவனம்.

என் வேலை ஒன்றே ஒன்று. தூரத்தில் பந்தலுக்குள் இருக்கிற அதிகாரி மைக்கில் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிடுவார். மூன்றாவது முறை நான் கூப்பிட வேண்டும். யாருக்கும் தெரியாமல்.

ஏன் மூன்றாவது முறை என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்குத்தானே இருக்கிறீர்கள்.

முகம் தெரியாத குரல்

எங்கள் பக்கத்தில், ஆள் முகம் தெரியாமல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்க மாட்டோம். ஒரு முறை கூப்பிட்டால் பேசாமல் இருப்போம். இரண்டாவது முறையும் இருப்போம். மூன்றாவது முறை வந்தால்தான் “இன்னா” என்று கேட்போம். மனுஷன் என்றால் மூன்று முறை கூப்பிடுவான். மற்றதற்கு இரண்டு முறைக்கு மேல் மூச்சு கிடையாது.

மற்றது என்றால் எது என்று கேட்காதீர்கள். பேர் சொன்னால் அதுவே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்கலாம். பக்கத்து வீட்டு முனியம்மா செல்போனையே மூன்றாவது தடவை அடித்தால்தான் எடுப்பாள். சென்னையிலிருந்து அவள் மகன் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். பெற்ற பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

சிரிக்காதீர்கள். இந்தப் பழக்கத்தால்தான் பதினோரு வீடு போனது.

களத்து வரிசை

அந்த மைதானம் முன்னால் ஒரு ரைஸ் மில்லின் நெல் களம். களத்தின் கிழக்கு ஓரத்தில் பதினோரு வீடு. நெல் துழாவவும் மூட்டை தூக்கவும் வந்தவர்களுக்கு மில்காரர் கொடுத்த இடம். ஆண்கள் பேரில் எழுதினால் குடித்து அழித்துவிடுவார்கள் என்று பதினோரு பட்டாவையும் பெண்கள் பேரிலேயே எழுதினார். நல்ல மனுஷர். என் வீட்டுக்காரர் சாகும் வரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மில் மூடி, களம் புல் முளைத்துக் கிடந்து, அப்புறம் கால்பந்து மைதானம் வந்தது. வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கல்வராயன் மலையிலிருந்து வந்து டவுன் ஹாஸ்டலில் படிக்கிற பெண் பிள்ளைகள் ஆடுவார்கள். மலை ஏறி இறங்கின கால். அதுகளைப் பிடிக்க இங்கே ஆள் கிடையாது. பந்து ஒரு முறை என் ரசச் சட்டிக்குள் விழுந்தது. கோல் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

அதுகள் ஜெயிக்க ஜெயிக்கக் கூட்டம் பெருகியது. மேட்ச் நாளில் வெள்ளிமலை பஸ்ஸில் அதுகளுடைய அம்மா அப்பாவெல்லாம் இறங்குவார்கள். உட்கார இடம் இருக்காது. எங்கள் மதில் மேல், எங்கள் கொட்டகை மேல், முனியம்மாவின் ஆட்டுக்கல் மேல்கூட நின்று பார்ப்பார்கள். கேலரியைப் பெரிசாக்க வேண்டும் என்று டவுனே பேச ஆரம்பித்தது. கேட்டதில் தப்பில்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு தாய் ஒரு மேட்ச் முழுக்க நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் எந்தப் பக்கம் பெரிசாக்குவது? கிழக்கே என்றால் எங்கள் பதினோரு வீட்டையும் இடிக்க வேண்டும். மேற்கே என்றால் மில்லின் பாழடைந்த குடோன். ஆட்டம் நடப்பதோ சாயங்காலத்தில். கிழக்கே உட்கார்ந்தவன் மேற்கே பார்க்க வேண்டும். சூரியன் நேராக முகத்தில் அறையும். இது மூன்றாம் வகுப்பு முடிக்காத எனக்குத் தெரிந்தது. பிளான் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

கேலரி கட்டியதிலிருந்து எங்கள் வரிசையில் சத்தமே ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தட்டு விழுந்தால் அங்கேயும் ஒரு தட்டு விழும். நான் தும்மினால் அதுவும் தும்மும். “அடியே முனியம்மா” என்று கத்தினால் “யம்மா” என்று கேலரி பதில் சொல்லும். எப்போதும் வார்த்தையின் வாலைத்தான் திருப்பிக் கொடுக்கும். தலையைக் கொடுக்காது. ஆட்கள் எல்லாம் போன பிறகு, பட்டப்பகலில், ஒருவரும் இல்லாத அந்தப் படிகளைப் பார்த்தால், ஏதோ பேச வாயெடுத்து நிறுத்தின மாதிரி இருக்கும்.

பூங்காவும் வனமும்

வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமென்று மைதானத்திலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். அதிகாரி மேற்கே பந்தலில். நாங்கள் கிழக்கு கேலரி நிழலில். ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்ததோ எங்கள் தலைக்கு மேலே, கேலரி உச்சியில். ஆள் முன்னால், குரல் பின்னால். முகம் தெரியாத குரல் என்றால் இதைவிட வேறென்ன?

“அஞ்சலை” என்றது குழாய். நான் பேசவில்லை. “அஞ்சலை” என்றது மறுபடியும். மூன்றாவதுக்காகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்குள் “முனியம்மா” என்று போய்விட்டது. அவளும் பேசவில்லை. வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரத்துக்குள் வரிசை முழுக்க வாசித்து முடித்துவிட்டார்கள். கூப்பிட்ட பேருக்கெல்லாம் நேராக “எதிர்ப்பு இல்லை” என்று எழுதியாகிவிட்டது.

ஓடினோம். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டேனேம்மா. இங்கதானே இருந்தீங்க, ஏன் பேசல?”

“ரெண்டு தபாதாங்க கூப்ட்டீங்க. மூணாவது கூப்புடலியே.”

“இது என்ன கோர்ட்டாம்மா, மூணு தடவ கூப்பிட?”

“கோர்ட்டுக்கே தெரிஞ்சிருக்குது. உங்களுக்குத் தெரியலியே.”

சிரித்தார். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

ஒரே ஒரு வீடு தப்பியது. பட்டியல் அடித்தவர் யாரோ, பூங்காவனம் என்பதை நடுவில் உடைத்து “பூங்கா, வனம்” என்று இரண்டு வரியாக அடித்துவிட்டார். ஆள் பேர் மாதிரி இல்லையே என்று அன்றைக்கு அதைக் கூப்பிடவே இல்லை. மறு வாரம் ஒரு இளம் இஞ்சினியர் காகிதக் கட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

“ஆயா, இந்த வரிசையில ஒரு பூங்காவும் ஒரு வனமும் இருக்கறதா லிஸ்ட்ல இருக்கு. எங்க இருக்கு?”

“உள்ள மாவாட்டிக்கினு இருக்குது. கூப்புடட்டுமா?”

“விளையாடாதீங்க ஆயா. வனம்னா அதுக்குத் தனி ஃபைல், தனி டிபார்ட்மெண்ட்.”

“அதுக்கு அம்பது வயசுக்கு மேல ஆவுது சார். எந்த டிபார்ட்மெண்ட்ல வேணாலும் கேட்டுப் பாருங்க.”

உள்ளே போய்ப் பூங்காவனத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பாவம், முகம் முழுக்க வேர்வை. அவளுக்கு மட்டும் தனியாக மறுபடி கருத்துக் கேட்க வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவங்க ஒருத்தங்க எதிர்ப்பு சொல்லிட்டா போதும், ஆயா. பிளான மேற்க திருப்பிடலாம். எனக்கும் வெயில் விஷயம் அப்பவே தோணுச்சு” என்றார்.

ஆகப் பதினோரு வீடும் பூங்காவனத்தின் வாயில் வந்து நின்றது.

அரைப் பெயர்

பூங்காவனம் என் தம்பி மாணிக்கத்தின் மனைவி. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

மில் மூடின பிறகு மாணிக்கம் லாரியோடு மலைக்குப் போய்க் கடுக்காயும் புளியும் ஏற்றி வருவான். வாயில் எந்நேரமும் புகையிலை. ஊரெல்லாம் பூங்காவனம் என்றால் அவன் மட்டும் “பூங்கா” என்பான். “மீதிப் பேரு எங்கடா?” என்று கேட்டால், “வனத்த மலையிலயே வுட்டுட்டு வந்துட்டேங்கா” என்பான்.

ஒரு மழைக்காலத்தில் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி மலைக்குப் போனான். அவ்வளவுதான். நான் இரண்டு முறை மேலே போய்த் தேடினேன். ஒரு ஊரில் பார்த்தோம் என்றார்கள். அடுத்த ஊரில் அப்படி ஒரு ஆளே வரவில்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். அந்தக் கூப்பிடு தூரத்தில் என் தம்பி எங்கேயோ நின்றுவிட்டான்.

பிணமும் இல்லை, செய்தியும் இல்லை. அதனால் பூங்காவனம் பொட்டை அழிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு அவள் பக்கம் வரும்போது கொஞ்சம் நிற்கும். அப்புறம்தான் நகரும்.

அவன் போய் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. ஒரு நாள் உச்சி வேளையில் பூங்காவனம் கதவைச் சாத்திக்கொண்டு மாவாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே “பூங்கா” என்று குரல். குழவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறாள். “பூங்கா.” மறுபடியும். மூன்றாவதுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

வரவில்லை.

எவ்வளவு நேரம் கழித்துக் கதவைத் திறந்தாளோ, என்னிடம் வந்தபோது முழங்கை வரைக்கும் மாவு காய்ந்து வெடித்திருந்தது. தெருவில் ஆள் இல்லை. வாசற்படியில் மட்டும் ஒரு துணிப்பை. அது நிறையக் கடுக்காய்.

“எந்த வியாபாரியோ வெச்சிட்டுப் போயிருப்பான்டி” என்றேன். வேறென்ன சொல்வது?

“மூணாவது வரல, அண்ணி.”

“ரெண்டாவதுக்கே தொறந்திருக்கக் கூடாதா, மூதேவி?”

“அது அவரா இல்லாட்டி?”

“அவனா இருந்திருந்தா?”

அவள் தன் வாசற்படிக்கே திரும்பிப் போய்விட்டாள். அன்றையிலிருந்து அந்த வாசற்படியை விட்டு ஒரு ராத்திரி வெளியூர் தங்கினதில்லை. இரண்டு முறை கூப்பிட்டவர் மூன்றாவது முறை கூப்பிட வருவார், வந்தால் அந்த வாசலுக்குத்தான் வருவார் என்று ஒரே பிடிவாதம்.

அதனால் வீட்டைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் சொல்வாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் அதற்கு முன்னாலேயே இருந்தது. மைக் இரண்டு முறைதான் கூப்பிடும். அவள் இரண்டாவதுக்கு வாய் திறக்க மாட்டாள்.

“இந்த ஒரு தபா மட்டும் ரெண்டாவதுக்குப் பேசிடுடி. மைக்குதானே” என்று கெஞ்சினேன்.

“ஒரு தபா கணக்கு தப்பினா, அப்புறம் அவரு கூப்புடறப்ப எது மூணாவதுன்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்?”

அதிகாரியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். இரண்டு முறைதான் வழக்கம் என்று பதில் வந்தது. சரி, இவளும் அசைய மாட்டாள், அவரும் அசைய மாட்டார். நடுவில் நான் அசைந்தேன்.

மைக்செட் வைக்கிற கரீம் பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வரிசைக்கு எதிரே கடை. நல்ல மாதிரி.

“அக்கா, அவரு ரெண்டாவது தபா கூப்ட்டதும் நான் ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணிடறேன். நீ கேலரிக்கு அடியில இருந்து ஒரு சத்தம் குடு. வெறும் கொரலே அங்க ஜாஸ்தியா கேக்கும்.”

“மாட்டிக்கினா?”

“மைக் கோளாறுன்னு சொல்லிடறேன். எங்க பொழப்புல அதான் ஒரு சவுகரியம்.”

படிக்கு மேலே

இப்போது மோர்ச் சொம்புக்கு வருவோம்.

வெயில் வெள்ளையாக நின்றது. தெற்கு கோல் பக்கம் ஐந்து மலைப் பெண்கள் பந்து பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசைப் பெண்கள் ஓரமாக முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் எங்கே என்று முனியம்மா தேடுவது தெரிந்தது.

“பூங்காவனம்.” குழாய் கூப்பிட்டது.

“வனம்” என்றது கேலரி, என் தலைக்கு மேலே.

அவள் அசையவில்லை. அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். எனக்கு மோர் ஒரு மடக்கு.

“பூங்காவனம்.”

“வனம்.”

டக்கென்று ஆம்ப்ளிஃபயர் அணைந்தது. குழாயில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“பூங்கா.”

நான் கூப்பிடவில்லை.

என் வாய் திறந்தபடிதான் இருந்தது. அதில் இன்னும் காற்றுகூட ஏறவில்லை. குரல் மேலேயிருந்து வந்தது. குழாயிலிருந்து அல்ல. என் தலைக்கு ஒரு முழம் மேலே, படியிலிருந்து. கத்திக் கூப்பிட்ட குரல் இல்லை. பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரல். கன்னத்தில் புகையிலை அடக்கியவன் சொல்லுகிற ஈரமான “பூ”.

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிற கேலரி அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

என் மடியைப் பார்த்தேன். வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது என்றேனே, அதில் ஒரு கோடு இல்லை. மேலே யாராவது உட்கார்ந்தால் மறைக்குமே, அந்த மாதிரி. எண்ணிப் பார்க்க நினைத்தேன். எண்ணுவதற்குள் அது திரும்ப வந்துவிட்டது.

தெற்கே அந்த ஐந்து பெண்களும் நின்றுவிட்டிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தலைக்கு மேலே. பந்து மட்டும் உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

பூங்காவனம் எழுந்தாள். பந்தலைப் பார்க்கவில்லை. திரும்பி கேலரியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். வேலைக்குப் போன புருஷன் திரும்பி வந்தால் பெண்கள் எப்படிச் செய்வார்களோ, அப்படி.

“இதோ இருக்கேங்க” என்றாள்.

முகத்தில் பயம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு பந்தல் பக்கம் திரும்பி நடந்தாள்.

“உங்க எதிர்ப்ப சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி. அவரும் ஒரு கண்ணால் கேலரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் அணைந்திருந்தாலும் அந்த அமைதியில் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

“எனக்கு இன்னாங்க எதிர்ப்பு? அன்னைக்கு என் வாசல்ல ரெண்டு, இன்னைக்கு ஒண்ணு. மூணு ஆயிடுச்சி. வூட்ட எடுத்துக்கோங்க.”

அவர் எழுதினார். கைநாட்டு வைத்தாள்.

எங்கள் வரிசையில் ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை. நானும்தான். நடுவில் புகுந்து எதையாவது கத்தியிருக்கலாம். வாய் எனக்குக் கொஞ்சமா நஞ்சமா? ஆனால் அந்தப் படிக்குக் கீழே நாக்கு எழவில்லை. மோர் முழுக்கக் கவிழ்ந்து புடவையெல்லாம் ஈரம்.

கரீம் பாய் ஒயர் சுற்றுகிற சாக்கில் கேலரிக்குக் கீழே குனிந்தார்.

“நல்லா கூப்ட்டேக்கா. அப்படியே ஆம்பள கொரலு.”

“நான் கூப்புடல பாய்.”

கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார்.

“சரி. இத என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்கோ” என்றார்.

அன்று சாயங்காலம்

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பதினோரு வீட்டையும் இடித்தார்கள். தியாகதுருகம் ரோட்டில் இடம் கொடுத்தார்கள். கிழக்கு கேலரி இப்போது இரண்டு மடங்கு. சாயங்கால மேட்சில் அத்தனை பேரும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, யாருக்கோ சலாம் போடுகிற மாதிரிதான் பார்க்கிறார்கள். ஆனால் மலையிலிருந்து வருகிற தாய்மார்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். அந்தப் படி வரிசையில் மட்டும் யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

வரிசையில் ஆறு பேர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. ஏன் என்றால், அன்று சாயங்காலம் நான் சொன்னதால்தான்.

விளக்கு வைக்கிற நேரம். நான் பூங்காவனத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு ஊற்றி, பூ வைத்து, பொட்டைப் பெரிதாக வைத்திருந்தாள். பத்து வயது குறைந்திருந்தாள். “சாப்டீங்களா அண்ணி?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

தெருவில் காலடிச் சத்தம். முனியம்மா முன்னால். பின்னால் வரிசைப் பெண்கள் எல்லோரும். முனியம்மா கையில் ஒரு சொம்பு தண்ணீர். இன்னொருத்தி கையில் மடித்த வெள்ளைப் புடவை.

வீடு போன ஆத்திரத்தில் வந்தவர்கள் இல்லை. அதைவிட மோசம். இரக்கப்பட்டு வந்தவர்கள்.

“இன்னாடி ஊர்வலம்?” என்றேன்.

“உனக்குத் தெரியாததா அக்கா” என்றாள் முனியம்மா. கண் கலங்கியிருந்தது. “எல்லாரும்தான் கேட்டோம். உசுரோட இருக்கறவன் கொரலு இல்ல அது. பட்டப்பகல்ல ஆளே இல்லாத எடத்துல வந்து கூப்புடுது. இத்தினி நாளு சந்தேகம். இப்ப தீந்துபோச்சி. இதுக்கு மேலயும் அவ பொட்டு வெச்சிக்கினு இருந்தா அவனுக்கும் நல்லதில்ல, அவளுக்கும் நல்லதில்ல. காலைல செய்ய வேண்டியத செஞ்சிடலாம். நீதான் அவன் கூடப் பொறந்தவ. நீ சொன்னா கேட்டுக்குவா.”

உள்ளே முறத்தின் சத்தம் நின்றது.

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. இல்லை என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். பேசாமல் இருந்தால் நாளைக் காலையில் அவள் நெற்றி. அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியாதா? ஆனால் அவளுக்கு மூன்றாவது முறை கூப்பிட்டது உயிரோடு இருக்கிறவன். மனுஷன்தான் மூன்று முறை கூப்பிடுவான். அந்தக் கணக்கு அவளிடமே இருந்துவிட்டுப் போகட்டும். இவர்களுக்கு வேறு ஒரு ஆள் வேண்டும். என் புடவையில் மோர்க் கறை அப்படியே இருந்தது. நல்ல சாட்சி.

“தண்ணிய கீழ வைடி. கூப்ட்டது நான்” என்றேன்.

ஒருத்திக்கும் புரியவில்லை.

“இவ ரெண்டாவதுக்குப் பேச மாட்டா, மூணாவத நாம கூப்ட்டு வுட்டா எழுந்து எதிர்ப்பு சொல்லிடுவான்னு நெனச்சிதான் கேலரிக்கு அடியில போய்க் குந்திகினு இருந்தேன். தோ பாரு, மோரு ஊத்திக்கினது. பாய்க்கும் தெரியும், வேணும்னா கேளு. இவ இப்படிக் கவுத்துடுவான்னு நான் இன்னாத்த கண்டேன்?”

முனியம்மாவின் முகம் மெல்ல மாறியது. இரக்கம் போய், அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பதினோரு வீடும் அவள் கண்ணில் தெரிந்தது.

“அப்ப எங்க வூடெல்லாம் போனது உன் தமாஷாலயா?”

“ஆமா.”

“பொய் சொல்ற. அது ஆம்பள கொரலு. அரப் பேரு சொல்லிக் கூப்ட்டது. மாணிக்கம் கொரலு அது.”

உள்ளே இருட்டில் பூங்காவனத்தின் வளையல் மட்டும் ஒரு முறை அசைந்தது.

“ஒரே வயித்துல பொறந்தவடி நான்” என்றேன். “என் தம்பி கொரலு எனக்கு வராம வேற எவளுக்கு வரும்? போங்க, அந்தத் தண்ணிய எடுத்துக்கினு போய் உங்க வூட்டுச் செடிக்கு ஊத்துங்க.”